மழையளவும் கணிதமும்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி நின்று நோக்குவார்க்கு, ஒரு பக்கம் மழை பொழிய மறுபக்கம் வெயில் காய்வது புதுமையன்று. அம்மழையை அளக்கும் மழைமானியின் வாயோ ஒரு சாணுக்கும் குறுகியது. மானிகளும் பல கல் தொலைவுக்கு ஒன்றாகச் சிதறி நிற்பன. அங்ஙனமாயின், இடைப்பட்ட ஊர்களில் பெய்த மழையை எவ்வாறு அறிவது? கணித நூலார் கூறும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

ஒவ்வோரிடத்திற்கும் மிக அண்மையிலுள்ள மானியின் அளவையே கொள்க என்றார் தீசன் என்னும் அமெரிக்கர், 1911-இல். இம்முறையில், இரு மானிகளுக்கு நடுவே மழையளவு சுவர் வைத்தாற்போலத் திடீரென மாறும். இயற்கையில் அத்தகைய சுவர் இல்லை. 1968-இல் ஷெப்பர்டு என்பார், பல மானிகளையும் கலந்து, அண்மையதற்கு மிகுந்த மதிப்பும் சேய்மையதற்குக் குறைந்த மதிப்பும் அளித்தார். 10 கிலோமீட்டரில் ஒரு மானி 60 மில்லிமீட்டரும், 20 கிலோமீட்டரில் மற்றொன்று 30 மில்லிமீட்டரும் காட்டுவதாகக் கொள்வோம். தொலைவு இரட்டித்தால் மதிப்பு நான்கிலொன்றாம். ஆகவே 60-ஐ நான்கு மடங்கும் 30-ஐ ஒரு மடங்கும் கூட்டி 5-ஆல் வகுக்க, 54 மில்லிமீட்டர் பெறப்படும். இந்திய வானிலைத் துறையார் இம்முறையைத் தழுவி, 6955 நிலையங்களின் குறிப்புகளைக் கொண்டு, 1901 முதல் 2010 வரை பெய்த நாள்மழையைக் கால் பாகைக் கட்டங்களாக வகுத்து 2014-இல் வெளியிட்டனர்.

பரந்து பெய்யும் ஐப்பசி மழைக்கு இது நன்கு பொருந்தும். கோடையிடி மழையோ சிறு பரப்பிலேயே நின்றுவிடும். அதன் நடுவே மானி இருப்பின், கணக்கு அம்மழையைப் பெய்யாத ஊர்க்கும் பகிர்ந்தளிக்கும். மானி இல்லையேல், பெய்த மழையும் ஏட்டில் ஏறாது. 1963-இல் சோவியத் அறிஞர் காந்தின், நிலையங்களின் அளவுகள் முன்னாட்களில் எவ்வளவு ஒத்து நடந்தன என்பதைக் கொண்டு மதிப்பிடும் முறையை விளக்கினார். அது விடையோடு விடையின் பிழையளவையும் உடன் கூறும். ஆதலின் புதிய மானி எங்கு வேண்டும் என்பதும் அதனால் விளங்கும்.

1960-இல் ஆந்திரத்தினின்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறிற்று, மழையின் வழி மாறவில்லை. சித்தூர்ப் பக்கத்து மழைநீர் நகரியாற்றின் வழியே கொசத்தலையாற்றை அடைந்து, 1944-இல் கட்டிமுடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கின்றது. எல்லைக்கு அப்பாலுள்ள மானிகளை நீக்கிக் கணித்தால், வரும் வெள்ளத்தின் அளவு பிழைபடும். மதகு திறக்கும் காலம் தவறினால் வருந்துவோர் ஆற்றங்கரை மக்களே. கணிதம் அளந்ததைப் பரப்பிக் காட்டுமேயன்றி, அளவாததைப் படைத்துத் தராது. எனவே நாள்தோறும் காலை 8.30 மணிக்குச் சிற்றூர் மானியை நோக்கிப் பிழையின்றிக் குறிக்கும் எளியவரின் தொண்டே இக்கணிதத்திற்கெல்லாம் அடிப்படை என்பதை நாம் மறவாதிருப்போமாக.