ஊருக்குப் போய்வந்த பின் காய்ச்சலா? மெலியோய்டோசிஸ் பற்றி அறிந்துகொள்ளுங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள் டெங்கு, மலேரியா பற்றி மறக்காமல் விசாரிக்கிறார்கள். ஆனால் 'மெலியோய்டோசிஸ்' என்னும் நோயைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நீரிழிவு (சலரோகம்) உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. நம்மிடையே நீரிழிவு இல்லாத குடும்பம் குறைவு என்பதால் இதனை அறிந்திருப்பது அவசியம்.

இந்நோய் முதலில் இனங்காணப்பட்டது 1911இல், அக்காலத்தில் தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த ரங்கூன் (இன்றைய யாங்கூன்) நகரில். அங்குள்ள பொது மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்த அல்பிரட் விட்மோரும், அவரது உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது நுரையீரல், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றில் சீழ்க்கட்டிகளைக் கண்டனர். இறந்தவர்களில் பலர் மோர்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். குதிரைகளுக்கு வரும் 'கிளாண்டர்ஸ்' நோய் போலவே இது தோன்றியது. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது அது விரைவாக வளர்ந்தது, தானாக நகர்ந்தது. கிளாண்டர்ஸ் கிருமி நகராது. ஆகவே இது புதிய நோய் என்று 1912இல் இருவரும் எழுதினர். பின்னர் இது 'விட்மோர் நோய்' என்றே அழைக்கப்பட்டது. கிருஷ்ணசாமியின் பெயரை அநேகர் அறியவில்லை. இலங்கையில் இந்நோய் 1927இல் பதிவானது.

இந்தப் பக்டீரியா ஈரமான மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது. தோலிலுள்ள காயம் வழியாகவும், அசுத்த நீரைக் குடிப்பதாலும், புயல் மழையின்போது சுவாசத்துடனும் உடலுக்குள் செல்லும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக அரிது.

உடலுக்குள் வரும் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்கிச் செரித்துவிடுவது வழக்கம். இக்கிருமியோ விழுங்கப்பட்ட பின்னும் கலத்துக்குள் உயிர்வாழ்ந்து, அங்கிருந்து அடுத்த கலத்துக்குச் செல்லக்கூடியது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது வெள்ளணுக்களின் வேலைத்திறன் குறைவதால் கிருமியின் கை ஓங்குகிறது. பரம்பரை நோயான தலசீமியா உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்; அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் மிகையான இரும்பு இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிறுநீரக நோயாளிகளும் அளவுக்கு மீறி மது அருந்துவோரும் கவனமாக இருக்கவேண்டும்.

காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, ஆறாத புண், சீழ்க்கட்டி, உடல் மெலிவு என்பன அறிகுறிகள். எக்ஸ்றே படத்தில் காசநோய் போலத் தெரியலாம். பெரும்பாலும் 3 வாரங்களுக்குள் நோய் வெளிப்படும். அரிதாகப் பல வருடங்கள் உடலில் மறைந்திருந்தும் வெளிப்படும். இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றில் கிருமியை வளர்த்துப் பார்த்தே உறுதிசெய்யலாம். பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகள் இதற்குப் பயன்படாது. ஏற்ற மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் ஊசி மூலமும், பின்னர் ஏறத்தாழ 3 மாதங்கள் மாத்திரையாகவும் எடுக்கவேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். தகுந்த சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்குத் தடுப்பூசி இல்லை. எனவே மாரிகாலத்தில் ஊருக்குச் செல்பவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• புறப்படும் முன்பே இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்.
• வயலிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.
• காயங்களை நீர் புகாதவாறு மூடிக்கட்டுங்கள்.
• கொதித்தாறிய நீரையே குடியுங்கள்.

திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள், உங்களுக்கு நீரிழிவோ தலசீமியாவோ உண்டா என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் இந்நோயை நேரில் கண்டதில்லை. நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவல்தான் அவர்களைச் சரியான பரிசோதனைக்கு இட்டுச்செல்லும்.