நிற்கும் லாரியும் பறக்கும் லாரியும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையை அறியாத வடசென்னைவாசி இரார். ஒருபுறம் அலைகடல், மறுபுறம் நெருங்கிய குடியிருப்புகள், நடுவே, சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து துறைமுக வாயிலை நோக்கிக் காத்து நிற்கும் டிரெய்லர் லாரிகளின் வரிசை. மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கிலும் அவை அவ்வாறு நின்றதை நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். அதே லாரி, சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்ததும் அம்பெனப் பறக்கிறதே, அது ஏன்? இக்கேள்வியை எழுப்பாமல் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது, நோயை விசாரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

விடை ஒன்றும் மறைபொருள் அன்று. ஓட்டுநர் பலருக்குக் கூலி நாட்கணக்கில் இல்லை, நடைக் கணக்கில். ஒரு நடைக்கு இவ்வளவு, அதன்மேல் படி என்பதே வழக்கம். வரிசையில் நின்ற நேரத்திற்கு எவரும் காசு கொடுப்பதில்லை. உறக்கமும் இல்லை, குளிக்க இடமும் இல்லை. அப்படி இழந்த பொழுதையெல்லாம் திறந்த சாலை கிடைத்தவுடன் மீட்டுவிட முனைகிறார் அம்மனிதர். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் திறக்கப்பட்டது; 2001இல் எண்ணூரில் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது; பின்னர் காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. சரக்கு பெருகிய வேகத்தில் சாலை பெருகவில்லை. ஆகவே லாரிக்காரரை மட்டும் பழித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவர் மீட்டுவிட்டதாக எண்ணும் நேரம்தான் எவ்வளவு? 12 கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால் 18 நிமிடம், 60 கி.மீ. வேகத்தில் சென்றால் 12 நிமிடம். ஆதாயம் ஆறே நிமிடம். வழியிலுள்ள சிக்னல்களைக் கணக்கிட்டால் அந்த ஆறும் மூன்றாகக் குறையும். இதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. 40 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது; 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர். எதிரே குழந்தை ஓடி வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு விநாடி கழிந்துவிடும். அதன் பின்னர்தான் வண்டி வேகம் குறையத் தொடங்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் மோதும் ஆற்றலும் ஒன்றரை மடங்குதான் ஆகும் என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று, அது இரண்டேகால் மடங்காகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலையும் காசிமேட்டு மீன் வண்டிகள் ஒழுகவிடும் நீரும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை.

லாரிகளை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. நம்மவர் செயல்களையும் சற்று நோக்குவோம். சாலை நடுத்தடுப்பில் திரும்பும் இடம் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையிலேயே ஸ்கூட்டரை ஓட்டி வருகிறோம். தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசுகிறோம். ஷேர் ஆட்டோ, கை காட்டுபவரைக் கண்டால் சாலை நடுவிலும் நிற்கும். பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஓடும் மீன்பாடி வண்டிகள் பலவற்றுக்குப் பதிவெண்ணும் கிடையாது, சுமைக்கு ஏற்ற பிரேக்கும் கிடையாது. ஏழைகளின் பிழைப்பாயிற்றே என்று அவற்றைக் கண்டும் காணாதிருப்பது உண்மையான இரக்கமா என்று கேட்கத் தோன்றுகிறது. மோதி விழுபவரும் ஏழையே அல்லவா?

வேகத்தைத் தண்டிக்கும் வழக்கம் புதியதன்று. 1896இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னால்டு என்பவர், மணிக்கு 2 மைல் மட்டுமே செல்ல வேண்டிய ஊருக்குள் 8 மைல் வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டினார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திப் பிடித்தார்! வேகத்திற்காக அவருக்கு விதித்த அபராதம் ஒரு ஷில்லிங். இன்றைய வேகக் கேமராவின் கதை இன்னும் வேடிக்கையானது. காட்சோனிடஸ் என்னும் டச்சுப் பந்தய ஓட்டுநர், தாம் மேலும் விரைந்து ஓடக் கற்பதற்காகவே வேகத்தை அளக்கும் கருவியை அமைத்தார். அதுவே பிற்காலத்தில் விரைவோரைப் பிடிக்கும் கருவியாயிற்று.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே அடிப்படை. 2019இல் அது திருத்தப்பட்டபோது, அளவு மீறிய வேகத்திற்கு இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் உயர்த்தப்பட்டது. சென்னை மாநகரில் 2023 நவம்பரில் காவல்துறை அறிவித்த வரம்பு, கார் முதலியவற்றுக்கு 60 கி.மீ., கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாவற்றுக்கும் 30. நம் இராயபுரத்துச் சந்துகளில் 30 என்பதே அதிகம் என்போம்.

சட்டம் இருக்கிறது, அது நடைமுறைக்கு வருவது எங்ஙனம்? அபராதத் தொகையை ஏற்றிக்கொண்டே போவதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரத்தில் ஒருவர் அகப்பட்டுப் பெருந்தொகை கட்டுவதைவிட, மீறுவோர் அனைவரும் அகப்பட்டுச் சிறுதொகை கட்டுவதே மனத்தை மாற்றும். ஒரு காவலர் நெடுஞ்சாலையில் கை காட்டி நாற்பதடி டிரெய்லரை நிறுத்தினால், பின்னால் சாலை முழுதும் அடைபட்டுப் போகும். அவர் உயிருக்கும் ஆபத்து. எனவே கேமராவே இவ்விடத்துக்குப் பொருத்தம். அதிலும், கேமராவைக் கண்ட இடத்தில் வேகத்தைக் குறைத்து, கடந்ததும் பாயும் தந்திரத்தை முறியடிக்க ஒரு முறை உண்டு. இரண்டு இடங்களில் வண்டி எண்ணைப் படித்து, இடைப்பட்ட தொலைவைக் கடந்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுவதே அது. நடுவில் பிரிந்து செல்லும் வழிகள் குறைவான கடலோரச் சாலைக்கு இது நன்கு ஒத்துவரும். சுவீடன் நாட்டில் 2010இல் வேறொரு சோதனை நடந்தது. ஸ்டாக்ஹோமில் வேக வரம்புக்குள் சென்றவர்களின் பெயர்களைக் குலுக்கி, மீறியவர்கள் கட்டிய அபராதத்திலிருந்து பரிசு கொடுத்தனர். சராசரி வேகம் 32 கி.மீ.யிலிருந்து 25 கி.மீ.யாகத் தணிந்ததாம்.

வேகத்தடை விஷயத்தில் நம் மக்களுக்கு ஒரு சொல். தெருவில் ஒரு விபத்து நேர்ந்ததும், மறுநாளே தெருவார் சேர்ந்து சிமென்ட்டைக் குவித்து ஒரு மேட்டை எழுப்பிவிடுகின்றனர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய்ச் சரிவாக அமைய வேண்டும். நாம் கட்டுவதோ ஒரு சாண் அகலச் சுவர். வெள்ளைக் கோடும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஆட்டோவில் அதைக் கடக்கும் வேதனையை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லாரிகளுக்குச் சட்டப்படி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். டாங்கர்களுக்கும் பள்ளி வாகனங்களுக்கும் உச்சவரம்பு 60 கி.மீ. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும் வண்டிக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்காத வரையில், ஓட்டுநரை மட்டும் பிடிப்பதால் பயனில்லை. காத்திருந்த மணிக்கும் கூலி என்னும் ஏற்பாடு வந்தால், பத்துக் கேமராக்கள் செய்யாததை அது செய்யும் என்பது நம் துணிபு. இன்னொன்றும் உண்டு. இரவில் விளக்கின்றி ஓரத்தில் நிற்கும் டிரெய்லரும் கொல்லும். அதன் பின்பக்கத்தில் ஒளிரும் பட்டையும், இருசக்கர வாகனம் அடியில் புகாதபடி தடுக்கும் கம்பியும் இருத்தல் வேண்டும்.

அன்புள்ள பெற்றோரே, உங்களிடம் சற்றுக் கடுமையாகவே பேசுகிறோம். நம் எண்ணூர் லாரி செய்யும் ஊர். திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் செய்து புகழ்பெற்ற ஊர். பிள்ளைகளுக்கு வண்டி மேல் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் பத்தாம் வகுப்பில் தேறினால் பைக் என்று வாக்களிப்பதும், பதினாறு வயதினன் நண்பர் இருவரை ஏற்றிக்கொண்டு இரவில் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. வேக மோகத்தாலோ குடியாலோ பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் கூறுகிறது. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் இப்பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேருக்கு எழுகிறது?

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டின் சாலைகளில் மாண்டவர் 17,884 பேர். அவர்களுள் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்க்கப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்களும் இருந்திருப்பர். விழுந்து கிடப்பவரைச் சுற்றி நின்று பார்க்கும் கூட்டம், காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என அஞ்சியே கை கொடுக்கத் தயங்குகிறது. அந்த அச்சம் இனி வேண்டா. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உதவி செய்வோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. அவர் எந்த ஊரார், எந்த மாநிலத்தார் என்று பார்ப்பதில்லை. 108க்கு அழைத்து, வண்டி வரும்வரை அடிபட்டவர் அருகில் இருங்கள்.