முருங்கையும் பிள்ளையும்

"முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்" என்பது நம் நாட்டில் வழங்கிவரும் பழமொழி. பிரம்பைக் கையில் எடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனையே சான்றாகக் காட்டுவர். ஆனால் முருங்கையை ஏன் ஒடிக்கிறோம், எப்போது ஒடிக்கிறோம், ஒடித்தபின் என்ன செய்கிறோம் என்பதை அறிந்தவர்கள், பழமொழியின் பிற்பாதியை அத்துணை எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

இமயமலையின் அடிவாரப் பகுதிகளே முருங்கையின் தாயகம். அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் அது பரவியுள்ளது. தாவர நூலார் அதற்கு இட்டுள்ள 'மோரிங்கா' என்னும் பெயர், 'முருங்கை' என்னும் நம் சொல்லிலிருந்தே பிறந்தது என்பர். பால் நிற மலர்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும் இச்சிறு மரத்தில் தேனீக்கள் மொய்ப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

காய் சாம்பாருக்கு, பூ பொரியலுக்கு, கீரை அடைக்கும் கூட்டுக்கும் என்று இம்மரம் நம் அடுக்களைக்குத் தராத நாளில்லை. கீரையில் இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்துள்ளன. கண்ணொளிக்கு இன்றியமையாத வைட்டமின் 'ஏ' ஆக உடலில் மாறும் சத்தும் மிகுதி. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்றாகாது; எனினும் சிறந்த துணையாகும். சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைப்பதும், அதனுடன் எலுமிச்சையோ நெல்லியோ உண்பதும் சத்து உடலில் சேர உதவும். வேரையும் பட்டையையும் மட்டும் கருவுற்ற தாய்மார் உட்கொள்ளலாகாது.

முற்றிய விதையின் பருப்பை இடித்துக் கலங்கல் நீரில் கலக்கினால் சேறு திரண்டு அடியில் படியும். ஆயினும் தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே பருக வேண்டும்.

இனி, வளர்க்கும் முறையைக் காண்போம். நாட்டு முருங்கையைப் போத்து நட்டு வளர்ப்பது வழக்கம். கைப்பருமனில் மூன்று, நான்கு அடி நீளமுள்ள போத்தை மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றி, மேல் நுனியில் சாணம் அப்பிவிட்டால் அது காயாமல் துளிர்க்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மற்றபடி மணற்பாங்கான வறண்ட நிலத்திலும் முருங்கை பிழைத்துக்கொள்ளும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 என்னும் செடி முருங்கையை விதையிட்டே வளர்க்கலாம். ஏறக்குறைய ஆறு மாதங்களில் காய்க்கத் தொடங்கும். கம்பளிப்பூச்சி கூட்டமாய்த் தண்டில் அடைந்திருந்தால், தீப்பந்தம் காட்டி அழிப்பர்.

ஒடிக்கும் கதைக்கு வருவோம். முருங்கையின் கட்டை மென்மையானது. கட்டுப்பாடின்றி உயரும் மரம், காற்றில் தானாகவே முறிந்து விழும். புதிதாக எழும் கிளைகளிலேயே பூவும் காயும் மிகுதியாகத் தோன்றும். ஆகவே செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுகிறார்கள். அதனால் பக்கக் கிளைகள் பெருகும். காய்ப்பு ஓய்ந்தபின், தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய கையோடு எருவிட்டு நீர் பாய்ச்சுகிறார்கள். மரம் மறுபடி தழைத்துச் சில மாதங்களில் மீண்டும் காய்க்கிறது.

அன்பர்களே, இவற்றில் எந்த இடத்திலேனும் சினம் உண்டா? பூத்துக் குலுங்கும் வேளையில் எந்த உழவனாவது கோபங்கொண்டு மரத்தை அடித்து நொறுக்குகிறானா? காலமறிந்து, அளவறிந்து, கூரிய கத்தியால் நறுக்கி, உடனே உணவும் ஊட்டுகிறான். அருளப்பர் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் தம் தந்தையைத் தோட்டக்காரராகக் காட்டுவதும் இப்பொருளிலேதான். கிளை நறுக்குவது கனிக்காக; தண்டிப்பதற்காக அன்று. அடி பட்ட பிள்ளையோ, மரம்போல் துளிர்ப்பதில்லை. அஞ்சவும் மறைக்கவுமே கற்றுக்கொள்கிறது. பிள்ளைகளுக்குச் சினமூட்டலாகாது என்று புனித சின்னப்பர் எபேசியர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் தந்தையரை எச்சரிக்கிறார். நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்துள்ளது.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்க வேண்டும். செல்லம் என்னும் பெயரால் கட்டுப்பாடின்றி விடப்பட்ட பிள்ளையும், கிள்ளாமல் விட்ட முருங்கையைப் போல முறியும். உறங்கும் நேரம், படிக்கும் நேரம், பொய் பேசாமை, செபம் ஆகியவற்றில் இளமையிலேயே வரம்பு வகுப்பதே நுனி கிள்ளுதல். கண்டித்த அன்றிரவே அருகில் அமர்த்தி உணவூட்டிப் பேசுவதே எருவும் நீரும்.

இந்த மழைக்காலத்தில் அண்டை வீட்டாரிடம் ஒரு போத்துக் கேட்டு வாங்கிக் கொல்லையில் நடுவோம். நீரூற்றும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைப்போம். கிளை எளிதில் முறியுமாதலால் மரத்தில் ஏறவேண்டாமென்று மட்டும் சொல்லிவைப்போம். முதற் காயைப் பறிக்கும் நாளில், ஏன் ஒடித்தோம் என்பதையும் அதற்கு விளக்கிக் கூறுவோம்.