நெற்பயிரும் நீர்த்தட்டுப்பாடும்

சிறுபோகத்தில் சோளகக் காற்று வீசுங் காலத்திற் குளத்து நீர் விரைவாகக் குறைகின்றது. எஞ்சிய நீரை எந்நாட்களில் வயலுக்கு விடுவது என்பதைக் கமக்காரர் அப்பொழுது முடிவு செய்தல் வேண்டும். நெற்பயிர் எப்பருவத்தில் வாட்டத்தைப் பொறுக்கும், எப்பருவத்திற் பொறுக்காது என்பதை அறிந்தவர்க்கு இம்முடிவு எளிதாகும்.

மண்ணில் ஈரங் குறைந்ததும் பயிர் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கின்றது. இலையிலுள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. இலைகள் குழல்போற் சுருளுகின்றன. இதனால் நீர் ஆவியாதல் குறைகின்றது. ஆயினும் காபனீரொட்சைட்டு உட்செல்வதும் அத்துளைகளின் வழியேயாதலால், பயிர் உணவு தயாரித்தலுந் தடைப்படுகின்றது. நண்பகலிற் சுருண்ட இலை மாலையில் விரியுமாயின் இடர் சிறிதே. விடியற்காலையிலும் சுருண்டே இருப்பின் பயிர் பெரிதும் வாடியுள்ளதென்று கொள்ளல் வேண்டும்.

மட்டம் வெடிக்கும் பருவத்திற் பயிர் சில நாட்கள் வாடினாலும், நீர் கிடைத்ததும் புதிய இலைகளும் மட்டங்களுந் தோன்றும். கதிர் வெளிவருதல் சற்றுப் பிந்தும். விளைச்சலில் ஏற்படுங் குறை பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

குடலைப் பருவமும் பூக்கும் பருவமும் அத்தகையனவல்ல. குடலையினுள்ளே மகரந்தம் உருவாகும் வேளையில் நீர் முட்டுப்படின் அது வலுவிழக்கும். கதிரின் அடிப்பகுதி இலையுறையினின்றும் முற்றாக வெளிவராது நின்றுவிடும். கருக்கட்டத் தவறிய பூ, பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் மணியாகாது, பதராகவே நிற்கும். இலைகள் மீண்டும் பசுமையடைந்தமை கண்டு மகிழ்ந்தோர் சூடடிக்கும்போது ஏமாறுவது இதனாலேயே.

வீசி விதைத்த மூன்று மாத நெல் ஏறக்குறைய 60 நாளிற் பூக்கும். அதன்பின் முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாட்கள் செல்லும். ஆகவே 45ஆம் நாள் தொடக்கம் 70ஆம் நாள் வரை வயல் வற்றாதிருத்தல் வேண்டும். நீர் போதாதெனக் கண்டால், மட்டம் வெடிக்கும் காலத்தில் இடைவிட்டுப் பாய்ச்சி, மிகுதியை இந்நாட்களுக்குச் சேமித்தல் நன்று. எனினும் மண் ஆழமாக வெடிக்க விடலாகாது. மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றியதும் நீர் பாய்ச்சுக. பெருவெடிப்பு உண்டாயின் பின்னர் விடும் நீர் அதன் வழியே வீணாகக் கீழிறங்கும்.

வறண்ட மண்ணில் யூரியா இடுதல் பயன் தராது. காய்ந்த வயல் மீண்டும் நீரில் மூழ்கும்போது மண்ணிலுள்ள நைதரசனின் ஒரு பகுதியும் வாயுவாக வெளியேறிவிடும். ஆதலின், மட்டம் வெடிக்கும் பருவத்தில் வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சி, புதிய இலை தோன்றிய பின்னர், களையை அகற்றி, மேற்கட்டுப் பசளையை இடுதல் வேண்டும்.

ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் வெவ்வேறு வயதுடைய நெல்லை வெவ்வேறு நாட்களில் விதைப்பாராயின், ஒருவரது பயிர் பூக்கும்போது மற்றவரது பயிர் குடலையில் நிற்கும்; நீரைச் சேமிக்க இயலாது. ஆகவே விதைப்பு நாளையும் நெல்லினத்தையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யாவரும் ஒருமித்துத் தீர்மானித்தல் இன்றியமையாதது. குளத்து நீர் முழு நிலத்துக்கும் போதாதெனின், துருசுக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் பகிர்ந்து செய்தல் தக்கதாகும். பரந்த வயலிற் பதரை அறுப்பதினும் சிறு வயலில் நெல்லை அறுப்பதே இலாபம்.