சிகிச்சைக்காக ஊரைப் பிரிந்த முதியவர்கள்... திரும்ப அழைத்துவந்த 4 ஓவியங்கள்!

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். மெஷின் இருப்பதோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நகரத்தில். போனால், ஊர் திரும்ப முடியாது. போகாவிட்டால், உயிர் தங்காது.

1990-களில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், கின்டோர் கிராமத்துப் பூர்வகுடி மக்கள் இந்த நிலையில்தான் இருந்தார்கள். முதியவர்கள் ஒவ்வொருவராக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சொந்த மண்ணின் கதைகளையும் சடங்குகளையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் இல்லாத ஊரில் யார் சொல்லித்தருவது?

உள்ளூரிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று கேட்டபோது, செலவு அதிகம் என்றே பதில் வந்தது. அந்த மக்களிடம் பணம் இல்லை. ஆனால், ஓவியம் இருந்தது.

பள்ளிச் சுவரில் தொடங்கிய கதை

1971-ல் பாப்புன்யா கிராமத்துப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்கம் தர, அங்கிருந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை ஓவியமாகத் தீட்டினார்கள். அதுவரை மணலிலும் சடங்குகளின்போது உடலிலும் வரையப்பட்டுவந்த வடிவங்கள், பலகைக்கும் கேன்வாஸுக்கும் வந்தன. புள்ளிகளும் வட்டங்களுமாகத் தெரிபவை, முன்னோர் நடந்த தடங்களையும் நீர்நிலைகளையும் சொல்பவை.

அடுத்த ஆண்டே, 'பாப்புன்யா தூலா' என்ற நிறுவனத்தை ஓவியர்கள் தொடங்கினார்கள். அதன் உரிமையாளர்களும் இயக்குநர்களும் பூர்வகுடி மக்களே. 1980-களின் தொடக்கத்தில் பின்டுபி இன மக்கள் தங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பி கின்டோரில் குடியேறியபோது, ஓவியமும் அவர்களுடன் போனது.

ஒரே ஏலம்... 10 லட்சம் டாலர்!

கின்டோர், கிவிர்குரா ஆகிய இரு ஊர்களின் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்து நான்கு பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இவையும், நன்கொடையாக வந்த மற்ற படைப்புகளும் ஏலம் விடப்பட்டன. கிடைத்த தொகை 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் அதிகம்!

அந்தப் பணத்தை வைத்து மக்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2004-ல் கின்டோரில் டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள கட்டடத்தின் ஊதா நிறத்தால், அமைப்புக்கு 'பர்ப்பிள் ஹவுஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட தொலைதூர ஊர்களில் அதன் சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன. மையம் இல்லாத ஊர்களுக்கு, டயாலிசிஸ் வசதியுடன் ஒரு லாரியே போகிறது. விழாவுக்கோ, உறவினரின் இறுதிச் சடங்குக்கோ நோயாளிகள் சொந்த ஊருக்கு வந்துபோக முடிகிறது.

இந்த அமைப்புக்குப் பின்டுபி மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயரின் பொருள், 'எங்கள் குடும்பங்கள் எல்லோரையும் நலமாக்குவது'. பாட்டியும் தாத்தாவும் வீடு திரும்பிவிட்டார்கள். மண்ணின் கதைகளைக் கேட்க, பேரப்பிள்ளைகள் இனி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை!