வழித்துணை இன்றி ஒரு வனப் பயணம்

பயணம் புறப்படுவோர் வழித்துணை தேடுவது நம் நாட்டின் பழைய வழக்கம். கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வண்டிகள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று, தேங்காய் ஒன்றை உடைத்த பின்னரே மேற்செல்வதை நேயர்கள் அறிவீர்கள். காடு சூழ்ந்த அந்நெடுவழியில் மனிதத் துணையோடு தெய்வத் துணையும் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினார்கள். தனியே போகிறேன் என்று ஒருவன் சொன்னால், கூடப் போக ஒருவரும் இல்லையோ என்பதே வீட்டுப் பெரியோரின் முதற் கேள்வியாயிருக்கும்.

அக்கேள்வி காதில் விழாதவர் போலத் தனியே புறப்படுவோரும் உலகில் உளர். ஒரு மோட்டார் வண்டி. அதன் பின்புறத்தில் ஒரு தூண்டிற்கோல், ஒரு சோடி நடைச் சப்பாத்து, ஒரு கம்பளி, நாலைந்து நாளைக்கு வேண்டிய உணவு. இவ்வளவே அவர்களுடைய மூட்டை. காலையில் ஆற்றோரத்தில் மீன் பிடிப்பார்கள்; பகலில் மலைப்பாதையில் நடப்பார்கள்; இரவில் வண்டிக்குள்ளேயே உறங்குவார்கள். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இவ்வகைப் பயணம் பலர் விரும்பும் பொழுதுபோக்காகும்.

இது வீண் துணிச்சலா, அன்றி விவேகத்தோடு செய்யக்கூடிய ஒன்றா? இதற்கு விடை காண வேண்டுமாயின், வழித்துணைவன் ஒருவன் நமக்குச் செய்யும் பணிகள் எவை, அவன் இல்லாதவிடத்து அப்பணிகளை எவற்றைக் கொண்டு நிறைவேற்றுவது என்னும் இரண்டையும் ஆராய்தல் வேண்டும். அதற்கு உதாரணமாக யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம்.

யெலோஸ்ரோன் 1872ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் தேதி சட்டத்தினால் நிறுவப்பட்டது. உலகின் முதலாவது தேசியப் பூங்கா எனப் பொதுவாகப் போற்றப்படுவது இதுவே. வயோமிங் மாநிலத்தில் பெரும்பகுதியும், மொன்ரானா, ஐடகோ மாநிலங்களில் சிறுபகுதியுமாக ஏறக்குறைய 3,470 சதுர மைல் பரந்து கிடக்கிறது. இலங்கைத் தீவின் ஏழிலொரு பங்குக்குச் சற்றே குறைந்த பரப்பு இது. தரையின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு 7,500 அடிக்கு மேல் உள்ளது. நமது நுவரெலியா நகர் 6,000 அடிக்குச் சற்று மேலேயே அமைந்திருப்பதை எண்ணினால், அங்குள்ள குளிர் எத்தகையதென்பது விளங்கும். கோடைகாலத்து இரவிலுங்கூட நீர் உறையும் அளவுக்கு அங்கே குளிர் இறங்குவதுண்டு.

தொடக்கத்தில் இப்பூங்காவைக் காண வந்தோர் குதிரை வண்டிகளிற் கூட்டமாகச் சென்றனர். 1915ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மோட்டார் வண்டிகள் முறைப்படி உள்ளே விடப்பட்டன. ஃபோர்ட் கம்பனி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மலிவான வண்டி சாதாரண மக்களையும் வண்டிக்காரர் ஆக்கியிருந்த காலம் அது. வண்டிக்குள் உறங்கும் வழக்கமும் விரைவில் பரவிற்று. 1930களின் நடுப்பகுதியில் நாஷ் என்னும் கம்பனி பின்னிருக்கையைப் படுக்கையாக மாற்றக்கூடிய வண்டிகளையே செய்து விற்றது. 1960ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஜோன் ஸ்ரெயின்பெக், படுக்கை பொருத்திய வண்டியொன்றில் அந்நாட்டைச் சுற்றிவந்து நூல் எழுதினார். அவரும் முற்றாகத் தனியே போகவில்லை. சார்ளி என்னும் நாயைத் துணைக்கு அழைத்துச் சென்றார். யெலோஸ்ரோனில் கரடிகளைக் கண்டதும் அந்த நாய் வெறிகொண்டு குரைத்தமையால், அவர் அங்கு தங்காது திரும்பிவிட நேர்ந்தது.

இனித் துணைவனுடைய பணிகளுக்கு வருவோம். முதலாவது, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிந்த ஒருவன் இருத்தல். கூட வந்தவன் கால் தவறி விழுந்தால், மற்றவன் ஓடிப்போய் ஆட்களை அழைத்து வருவான். தனியே போகிறவனுக்கு இப்பணியை ஒரு கடதாசித் துண்டு செய்ய வேண்டும். எந்த வீதியால் போகிறேன், வண்டியை எங்கே நிறுத்துவேன், எந்தப் பாதையில் நடப்பேன், எந்நாள் எத்தனை மணிக்குள் செய்தி அனுப்புவேன், அனுப்பாவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டே புறப்படவேண்டும். கைத்தொலைபேசி இருக்கிறதே என்று எண்ணுவது தவறு. அப்பெருங்காட்டின் பல இடங்களில் அது பேசாது. செய்மதி வழியாக அபாயச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இக்காலத்தில் உள்ளன. அவை நல்ல உதவி. ஆயினும் மயங்கிக் கிடப்பவனால் கருவியின் பொத்தானை அழுத்த இயலாது. அவன் எழுதிக் கொடுத்த கடதாசியோ, குறித்த நேரம் கடந்தவுடன் அவனுக்காகப் பேசத் தொடங்கும்.

இரண்டாவது பணி, போதும் திரும்புவோம் என்று சொல்லுதல். மலையேறுபவனுக்கு உச்சி கண்ணிற் பட்டுவிட்டால் காலநிலை கண்ணிற் படாது. யெலோஸ்ரோனில் உள்ள வோஷ்பேண் மலை 10,200 அடிக்கு மேல் உயர்ந்தது. டன்ரேவன் கணவாயிலிருந்து அதன் உச்சிக்குச் செல்லும் பாதை ஒரு வழி மூன்று மைலுக்குச் சற்று மேல். ஏற்றம் ஏறக்குறைய 1,400 அடி. கடினமான பாதையன்று. ஆனால் கோடைகாலத்தில் பிற்பகல் வேளைகளில் இடிமின்னலுடன் புயல் எழுவது அங்கு வழக்கம். மரமற்ற முகட்டில் நிற்கும் மனிதனே அப்போது மின்னலுக்கு உயர்ந்த இலக்காகின்றான். ஆகவே, திரும்பும் நேரத்தை ஏறத் தொடங்குமுன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். நண்பகலுக்குத் திரும்புவதென்று தீர்மானித்தால், உச்சி நூறு யார் தூரத்தில் இருந்தாலும் நண்பகலுக்குத் திரும்பியே ஆகவேண்டும். கீழே அமைதியாக இருந்தபோது செய்த தீர்மானம், மேலே ஆசை மிகும்போது துணைவனாக நின்று கையைப் பிடித்து இழுக்கும்.

காட்டிலே எதற்கு அஞ்சவேண்டும் என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. கரடியே பேரபாயம் என்று எண்ணுவார்கள். 1872ஆம் ஆண்டு தொடக்கம் அப்பூங்காவினுள் கரடியாற் கொல்லப்பட்டோர் எண்மர். வெந்நீர் ஊற்றுக்களில் விழுந்து வெந்து மாண்டோர் 20 பேருக்கு மேல். நீரில் மூழ்கி மாண்டோர் நூற்றுக்கு மேல். யெலோஸ்ரோன் ஏரியின் நீர் எந்நாளும் கடுங்குளிராயிருப்பதால், அதில் விழுந்தவர் 20 அல்லது 30 நிமிடங்களுக்கு மேல் உயிர் தாங்குதல் அரிது என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். எனவே, முழங்காலளவு நீரில் நின்று தூண்டில் வீசுபவன், மலையேறுபவனைவிடப் பத்திரமாக இருக்கிறான் என்று கொள்ளுதல் பிழை.

கரடியைப் பொருட்படுத்தவேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 யாரும், காட்டெருமை முதலிய விலங்குகளிடமிருந்து 25 யாரும் விலகி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மூவர்க்குக் குறையாமல் சேர்ந்து நடக்குமாறே அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். பலர் பேசிக்கொண்டு நடக்கும்போது அவ்வோசையைக் கேட்டுக் கரடி விலகிப்போகும்; திடுக்கிட்ட கரடியே பெரும்பாலும் தாக்குவது. தனியே நடப்பவன் வளைவுகளிலும் புதர்களிலும் கை தட்டியும் குரல் கொடுத்தும் தன் வரவை அறிவித்தல் வேண்டும். மிளகாய்க் காரம் நிறைந்த கரடி விரட்டும் தெளிகருவியை முதுகுப் பைக்குள் அன்றி இடுப்பிலே வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது பணி, இரவிற் காவல் இருத்தல். வண்டிக்குள் உறங்குவது எளிதென்று தோன்றும். கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணை மூடினால் முடிந்தது என்று நினைப்போம். ஆயினும் விரும்பிய இடமெல்லாம் உறங்க உரிமையில்லை. பூங்காவின் வீதியோரங்களிலோ வண்டித் தரிப்பிடங்களிலோ இரவைக் கழிப்பது குற்றம். அதற்கென அமைந்த முகாம் நிலங்களிலேயே தங்க வேண்டும். கோடையில் அவை நிறைந்துவிடுவதால் முன்கூட்டியே இடம் பதிவு செய்வது அவசியம். பூங்காவைச் சூழ்ந்துள்ள தேசியக் காடுகளில் பல இடங்களில், குறிப்பிட்ட நாள் எல்லைக்குட்பட்டு, கட்டணமின்றித் தங்க அனுமதியுண்டு.

குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவதே இவ்வகைப் பயணத்தின் மிகக் கொடிய தவறு. புகைக் குழாயைப் பனியோ சேறோ அடைத்துவிட்டால், காபனோரொட்சைட்டு என்னும் வாயு வண்டிக்குள் புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். உறங்குபவன் தலைவலியைக்கூட உணராது உயிர் துறப்பான். அருகில் ஒருவன் விழித்திருந்தால் தட்டி எழுப்பக்கூடும். தனியனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகையால் இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, தடித்த கம்பளிக்குள் உறங்குவதே முறை. வண்டிக்குள் அடுப்பு மூட்டுதலும் இதே காரணத்தால் ஆகாது. கண்ணாடியை ஒரு விரலளவு தாழ்த்தி வைப்பது மூச்சின் ஈரம் படிவதைக் குறைக்கும். ஆனால் அது நச்சு வாயுவுக்குப் பரிகாரமாகாது.

உணவையும் உணவு மணம் வீசும் பொருள்களையும் வெளியே விட்டுவைத்தலும் கூடாது. 1950களிலும் 60களிலும் அப்பூங்காவின் கரடிகள் வீதியோரம் வந்து பிச்சை கேட்க, மக்கள் வண்டிக் கண்ணாடி வழியாக உணவு கொடுத்து மகிழ்ந்தனர். அதனால் பலர் கடியுண்டனர். மனித உணவுக்குப் பழகிய கரடிகள் பல கொல்லப்பட்டன. 1970ஆம் ஆண்டு தொடக்கம் இது கண்டிப்பாக நிறுத்தப்பட்டது. இன்று உறங்கும் இடத்தருகே ஒரு மீன்துண்டை மறந்து விட்டுச் செல்பவன், தனக்கு மட்டுமன்றி அக்கரடிக்கும் கேடு செய்தவனாவான்.

நான்காவது பணி, நாம் செய்வதைக் கண்டுகொண்டிருக்கும் சாட்சியாக இருத்தல். மீன்பிடிப்பிலேதான் இதன் அருமை விளங்கும். யெலோஸ்ரோன் ஏரியின் சுதேச மீன் கட்துரோட் என்னும் ஒருவகை டிரவுட். தாடையின் கீழே தொண்டையை அறுத்தாற்போற் செந்நிறக் கீற்று இருப்பதால் அதற்கு அப்பெயர். நுவரெலியாப் பகுதி ஓடைகளில் டிரவுட் மீனைக் கண்ட நேயர்கள் இருக்கலாம். அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொணர்ந்து விட்ட மீன்; நம் நீர்க்கு அந்நியமானது. யெலோஸ்ரோனிலும் அத்தகைய அந்நிய மீனொன்று புகுந்தது. ஏரி டிரவுட் என்னும் பெருமீன் 1890ஆம் ஆண்டில் பூங்காவின் வேறு சில ஏரிகளில் விடப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டில் அது யெலோஸ்ரோன் ஏரியிலும் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வளர்ந்த ஏரி டிரவுட் ஒன்று ஆண்டொன்றுக்கு 40 கட்துரோட் மீன்களை விழுங்கவல்லது.

இதனால் விளைந்த கேடு நீரோடு நிற்கவில்லை. கட்துரோட் மீன்கள் முட்டையிடுவதற்கு ஆழமற்ற ஓடைகளுக்கு ஏறும்; அங்கே கரடியும் நீர்நாயும் மீன்பருந்தும் அவற்றைப் பிடித்துண்ணும். ஏரி டிரவுட்டோ ஆழத்திலே வாழ்ந்து ஆழத்திலே முட்டையிடுவது. ஆகவே சுதேச மீன் அருகியபோது, அதனிடத்தை நிரப்பிய மீன் கரையிலுள்ள விலங்குகளுக்கு இரையாகவில்லை. வலையிட்டு இதுவரை 40 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏரி டிரவுட் மீன்களை அகற்றியிருக்கிறார்கள். அதன் பயனாகச் சுதேச மீன் மீளத் தலைப்பட்டுள்ளது.

இதனாலேயே அங்குள்ள தூண்டில் விதிகள் கடுமையானவை. பூங்காவின் சொந்த அனுமதிச் சீட்டு வேண்டும். மாநில அனுமதி செல்லாது. முள்ளில்லாத தூண்டிலே வேண்டும். ஈயக் குண்டு ஆகாது. உயிருள்ள இரை ஆகாது. சுதேச மீன் அகப்பட்டால் காயமின்றி விட்டுவிட வேண்டும். யெலோஸ்ரோன் ஏரியில் ஏரி டிரவுட் அகப்பட்டால் உயிரோடு திரும்ப விடக்கூடாது. ஆகவே கையில் அகப்பட்ட மீன் எதுவென்று அறியாதவன் தூண்டில் வீசவே தகுதியற்றவன். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்திலே மீன்பிடிப் பாலம் என்றொரு பாலம் உண்டு. முற்காலத்தில் அதன் இருமருங்கும் தூண்டிற்காரர் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். 1973ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. இன்று மக்கள் அப்பாலத்தில் நின்று கீழே நீந்தும் மீனைப் பார்த்து மகிழ்கிறார்கள்.

மனித நடமாட்டமற்ற ஆற்றங்கரையில் விடியற்காலையில் தனியே நிற்பவனை எந்த அதிகாரி காண்பான்? பசியோடிருக்கிறான், கையில் நல்ல மீன் துள்ளுகிறது, கேட்பார் எவருமில்லை. அவ்வேளையில் அம்மீனை நீரிலேயே பிடித்துத் தூண்டிலைக் கழற்றி, அது நீந்திச் செல்லும்வரை பார்த்து நிற்பவனே தனிப் பயணத்துக்கு உரியவன்.

தனியே போகலாமா என்னும் கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. துணைவன் செய்யும் இந்நான்கு பணிகளையும் ஒருவன் புறப்படுமுன்னரே ஒழுங்கு செய்துகொண்டால் தாராளமாகப் போகலாம்; அவற்றுள் ஒன்றேனும் குறைந்தால் ஒருவரைக் கூட அழைத்துச் செல்வதே நன்று. யெலோஸ்ரோனுக்குப் போகும் வாய்ப்பு நம்மிற் சிலருக்கே கிட்டலாம். ஆனால் மலைநாட்டுக்கோ வன்னிக் காட்டுக்கோ தனியே செல்லும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். கூடப் போக ஒருவரும் இல்லையோ என்று வீட்டுப் பெரியோர் கேட்கும்போது, எழுதிய கடதாசியொன்றை அவர்கள் கையிற் கொடுத்துவிட்டுப் புறப்படுவார்களாயின், கேட்டவர்களுக்கும் அன்றிரவு நித்திரை வரும்.