டார்போல்டனின் துணை மாஸ்டர்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கே ஏர்ஷயர் சீமையில் டார்போல்டன் என்று ஒரு கிராமம். 1781 ஜூலை 4-ஆம் தேதி அந்த ஊர் மேசானிக் லாட்ஜில் 22 வயது இளைஞர் ஒருவர் உறுப்பினரானார். லாக்லீ பண்ணை ராபர்ட் பர்ன்ஸ், முதல் படியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்பதோடு பதிவு முடிகிறது. சேர்க்கைக் கட்டணம் 12 ஷில்லிங் 6 பென்ஸ். பண்ணையில் உழைத்த பிள்ளைகளுக்கு அப்பா ஆளுக்கு ஆண்டு ஒன்றுக்கு 7 பவுண்ட் கூலி என்று கணக்கு வைத்திருந்தார். வீட்டில் நெய்து தைத்த துணிமணிச் செலவும் அதிலேயே கழியும். ஆக, ஒரு மாதக் கூலியைவிடக் கூடுதலான தொகையைக் கொடுத்துத்தான் அந்தப் பையன் உள்ளே போயிருக்கிறார். 130 ஏக்கர் சேற்று நிலத்துக்கு ஆண்டுக்கு 130 பவுண்ட் குத்தகை கட்ட முடியாமல் குடும்பம் தத்தளித்த காலம் அது.

உலகம் முழுக்கப் புத்தாண்டு இரவில் பாடுகிறார்களே ‘ஆல்ட் லாங் சைன்’, அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் இவர்தான். ஸ்காட்லாந்தின் தேசியக் கவி. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அவர் ஒரு சின்ன ஊர்ச் சங்கத்தின் நிர்வாகி, அவ்வளவே. கவிஞரைப் பற்றி நூலகம் நிறைய எழுதிவிட்டார்கள். நிர்வாகியைப் பற்றிப் பேச்சு குறைவு.

சென்னை எழும்பூரில் ஃப்ரீமேசன்ஸ் ஹாலைத் தாண்டிப் போகும் பலருக்கு, அங்கே என்னவோ மர்மம் நடக்கிறது என்ற நினைப்பு உண்டு. காம்பஸும் மூலைமட்டமும் சேர்ந்த சின்னம், கண்ணைக் கட்டிச் செய்யும் சேர்க்கைச் சடங்கு, வெளியே சொல்லக் கூடாத சைகைகள் எல்லாமாகச் சேர்ந்து வளர்த்த நினைப்பு அது. கல் கட்டும் கொத்தனார்களின் தொழில் சங்கங்களில் வேர்விட்ட அமைப்பு, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கரண்டி பிடித்தே அறியாத கனவான்களின் கூடமாக மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களோடு நம் பக்கமும் வந்தது. பர்ன்ஸ் சேர்வதற்கு முன்பே, 1770களில், திருச்சிராப்பள்ளியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா மேசன் ஆகிவிட்டார்.

ஏர்ஷயரில் இதற்குத் தலைமைப் பீடம் கில்வின்னிங் என்ற சிற்றூர். ஸ்காட்லாந்து முழுமைக்குமாக 1736-இல் கிராண்ட் லாட்ஜ் உருவான சில ஆண்டுகளில், தங்கள் மூப்புக்கு உரிய மரியாதை இல்லை என்று முறைத்துக்கொண்டு வெளியேறிய ஊர். தனியாகவே பட்டயங்கள் வழங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமாதானம் ஆனபோது, ஒன்றாம் எண்ணுக்கு முந்திய இடம் வேண்டுமென்று பூஜ்ய எண்ணை வாங்கிக்கொண்டது. இன்றும் அதன் எண் 0.

டார்போல்டன் லாட்ஜ் 1771-இல் இந்தக் கில்வின்னிங் பட்டயத்தோடு பிறந்தது. இரண்டே ஆண்டில் உடைந்தது. பிரிந்தவர்கள் கிராண்ட் லாட்ஜிடம் பட்டயம் வாங்கி ‘செயிண்ட் டேவிட்’ என்று பெயர் வைத்தார்கள். 1781 ஜூனில் இரண்டும் இணைந்தன. இணைந்த சூட்டில்தான் பர்ன்ஸ் சேர்ந்தார். மறு வருடமே மறுபடி பிளவு. பழைய கில்வின்னிங் அணி ‘செயிண்ட் ஜேம்ஸ்’ என்ற பெயரில் தனிக்கடை போட, பர்ன்ஸ் அவர்களோடு போனார். ஒரு கிராமத்துக்கு இரண்டு லாட்ஜ். ஊர்ச் சங்கம் எதிலாவது பொறுப்பு வகித்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

இந்த லாட்ஜின் தலைவர்கள் யார் என்று பார்த்தால், பெயர்கள் பெரியவை. பாலக்மைல் எஸ்டேட்டின் சர் ஜான் ஒயிட்ஃபோர்ட். பிறகு காயில்ஸ்ஃபீல்டு நிலக்கிழார் குடும்பத்தின் கேப்டன் ஜேம்ஸ் மாண்ட்கோமரி. மாஸ்டர் பதவி இவர்களுக்கு. கூட்டத்துக்கு வருவது எப்போதாவது. கதவைத் திறந்து, புதியவர்களுக்குச் சடங்கு நடத்தி, பாக்கியை வசூலித்து, குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேறு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் துணை மாஸ்டர்.

ஒயிட்ஃபோர்ட் தலைவராக இருந்தபோது உறுப்பினர்கள் தரப்பில் அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அது பர்ன்ஸ் எழுதியது. நிதி நிலைமை மோசம். கடன் பத்திரங்கள் வசூலாகாமல் கிடக்கின்றன. பலர் ஆண்டுச் சந்தாவையே மறந்துவிட்டார்கள். கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்று போகிறது கடிதம். அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. மேல்தட்டினருக்கு இந்த நிதி ஒரு பொருட்டல்ல. கீழ்நிலையில் இருக்கும் எங்களுக்கு, நோயிலும் முதுமையிலும் பட்டினி கிடக்காமல் காப்பாற்ற ஒரு பணம் இருக்கிறது என்ற நிச்சயம் பெரிய விஷயம் என்கிறார். மர்மச் சடங்குகளைப் பற்றிய புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு கடிதம் ஒரு கிராமத்து லாட்ஜ் எதற்காக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. காப்பீடும் ஓய்வூதியமும் இல்லாத காலத்தில் குத்தகை விவசாயிக்கு அது வைப்புநிதி. எழுதப்பட்டவரின் கதையும் சேர்த்துப் படித்தால் இன்னும் சுவை: ஏர் வங்கி 1772-இல் நொடித்ததில் ஒயிட்ஃபோர்டும் அடிபட்டார், பிற்பாடு பாலக்மைலையே விற்க வேண்டியதாயிற்று.

1784 பிப்ரவரியில் அப்பா இறந்தார். கடனும் வழக்குமாக நொந்து போன சாவு. பிள்ளைகள் மாக்லின் ஊர் எல்லையில் மாஸ்கீல் என்ற இன்னொரு குத்தகைப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 27-இல் பர்ன்ஸ் செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜின் துணை மாஸ்டராகத் தேர்வானார். வயது 25. 1788 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மேன்சன் என்பவரின் விடுதியில் கூட்டம். மாக்லினிலும் சில கூட்டங்கள். குறிப்பேட்டில் கையெழுத்து முதலில் குடும்ப வழக்கப்படி ‘பர்னஸ்’ என்று இருந்து 1786-இல் ‘பர்ன்ஸ்’ ஆகிறது. அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி தம்பி கில்பர்ட்டை அடுத்தடுத்த படிகளுக்கு உயர்த்திய கூட்டத்தை நடத்தியவரும் அண்ணன்தான். பண்ணையில் மாடு பூட்டும் ஒருவர், நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருக்கும் மேசையின் தலைமாட்டில் சுத்தியலைத் தட்டி அமைதி கேட்க முடிந்த இடம் அந்த மாவட்டத்தில் இது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மாதா கோவிலில் அவருக்குக் கிடைத்த இடம் வேறு: கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற குற்றத்துக்காக, சபை நடுவே எல்லோர் முன்னும் கண்டனம் கேட்கும் இடம்.

லாட்ஜின் செயலாளர் ஜான் வில்சன், ஊர்ப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் சம்பளம் போதாமல் மளிகைக் கடை வைத்தார். மருத்துவப் புத்தகங்களைப் புரட்டியதில் ஆர்வம் முற்றி, மளிகையோடு மருந்தும் விற்கத் தொடங்கினார். சாதாரண நோய்களுக்குக் கடையில் இலவச ஆலோசனை என்று விளம்பரம் வேறு. 1785-இல் ஒரு லாட்ஜ் கூட்டத்தில் மனிதர் தன் வைத்திய ஞானத்தை அளவுக்கு மீறி அவிழ்த்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த துணை மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து போகும் வழியில் ஒரு கவிதை கட்டினார். மறுநாள் பிற்பகல் அவர் கலப்பை பிடித்திருக்க, கில்பர்ட் பக்கத்தில் வயல் தண்ணீரை வடித்துவிட்டுக்கொண்டிருக்க, முழுவதையும் தம்பிக்குச் சொல்லிக் காட்டினார் என்று கில்பர்ட்டே பதிவு செய்திருக்கிறார்.

‘மரணமும் டாக்டர் ஹார்ன்புக்கும்’ என்பது அந்தக் கவிதை. இரவில் வழியில் மரணம் எதிர்ப்படுகிறது. பாவம், அதற்குப் பிழைப்பே போய்விட்டது: ஊரில் ஹார்ன்புக் என்றொரு வைத்தியர் வந்துவிட்டார், நான் ஒருவரைக் கொண்டுபோவதற்குள் அவர் இருபது பேரை அனுப்பிவிடுகிறார் என்று புலம்புகிறது. அடுத்த முறை நாம் சந்திப்பதற்குள் அந்த ஆளை நானே முடித்துக்காட்டுகிறேன் என்று பந்தயமும் கட்டுகிறது. யாரைச் சொல்கிறது என்பது ஊருக்கே தெரியும். வேறு இடமாக இருந்தால் அத்தோடு லாட்ஜ் மூன்றாவது முறையாக உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. கேலி செய்தவர் தலைவர் நாற்காலியிலும் கேலிக்கு ஆளானவர் செயலாளர் இருக்கையிலுமாக மேலும் இரண்டு ஆண்டுகள் ஒரே குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். கவிதைக்கு அஞ்சி வில்சன் ஊரைவிட்டு ஓடினார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. சம்பளத் தகராறில் அவர் ஊரைவிட்டுப் போனது 1790களில்.

1786 பர்ன்ஸ் வாழ்க்கையில் எல்லாம் ஒன்றாக வந்து மோதிய ஆண்டு. மாக்லினைச் சேர்ந்த ஜீன் ஆர்மர் கர்ப்பமானார். அவருடைய அப்பா ஜேம்ஸ் ஆர்மர் நிஜமான மேசன், அதாவது ஊரில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் கொத்தனார் மேஸ்திரி. கல்லைத் தொடாத மேசன் சங்கத்தின் துணைத் தலைவரை மருமகனாக்க அந்த மேஸ்திரி தயாராக இல்லை. மகளை வேற்றூருக்கு அனுப்பிவிட்டு, பர்ன்ஸ் மீது பிடியாணை வாங்கினார். தப்பிக்க பர்ன்ஸ் கண்டுபிடித்த வழி ஜமைக்கா: கரும்புத் தோட்டத்தில் கணக்கர் வேலை, ஆண்டுக்கு 30 பவுண்ட். லாட்ஜ் சகோதரர்களுக்குப் பிரியாவிடைப் பாடலும் எழுதிவிட்டார். உருக்கமான பாட்டு, இன்றும் மேசன்கள் பாடுகிறார்கள். ஆனால் அடிமைகள் உழைத்த தோட்டத்துக் கணக்குதான் அவர் எழுதப் போனது. மனிதர் எல்லோரும் சகோதரர் என்று மேசையைத் தட்டிப் பாடிய அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. அவருக்கும்கூட.

கப்பல் ஏறுவதற்குமுன் கவிதைகளை அச்சிட்டுவிடலாம் என்று முன்பதிவு தொடங்கினார். இங்கேதான் லாட்ஜ் வலைப்பின்னல் தன் வேலையைக் காட்டியது. ஏர் நகர வழக்கறிஞர் ராபர்ட் ஐகன் 145 பிரதிகளுக்கு ஆள் பிடித்தார். பண்ணையை உள்குத்தகைக்குக் கொடுத்த வழக்கறிஞரும் மேசனுமான கேவின் ஹாமில்டன் 40. கில்மார்னக் லாட்ஜின் மாஸ்டர் மேஜர் வில்லியம் பார்க்கர் 35. அச்சிட்டவர் பெயரும் ஜான் வில்சன்தான், ஆனால் கில்மார்னக்காரர், மருந்து விற்காதவர். ஜூலை 31-இல் 612 பிரதிகள், விலை 3 ஷில்லிங். ஒரே மாதத்தில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. ஜமைக்காப் பயணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றே போனது.

நவம்பர் இறுதியில் எடின்பரோ. ஏர் அருகே ஆரஞ்ச்ஃபீல்டைச் சேர்ந்த டால்ரிம்பிள் என்ற மேசன் அவரைக் கிளென்கேர்ன் பிரபுவிடம் அழைத்துப் போக, பிரபுவின் முயற்சியில் கலிடோனியன் ஹண்ட் என்ற சீமான்கள் சங்கமே இரண்டாம் பதிப்புக்கு 100 பிரதி எடுத்துக்கொண்டது. 1787 ஜனவரியில் கிராண்ட் மாஸ்டரே ஒரு கூட்டத்தில் அவரை ஸ்காட்லாந்தின் கவி என்று வாழ்த்திக் கோப்பையை உயர்த்தினார். பிப்ரவரி 1-இல் கேனன்கேட் கில்வின்னிங் லாட்ஜ் அவரை உறுப்பினராக்கியது. அதற்கு அடுத்த மாதம் அதே லாட்ஜ் அவருக்கு ஆஸ்தான கவியாக முடிசூட்டியது என்று ஸ்டூவர்ட் வாட்சன் 1846-இல் ஒரு பெரிய ஓவியமே தீட்டினார். பிரபுக்களும் புலவர்களும் சூழ, கவி குனிந்து மாலை வாங்குகிறார். அன்றைய கூட்டக் குறிப்பில் அப்படி ஒரு நிகழ்ச்சியே இல்லை. மே மாதம் ஐமத் என்ற மீனவர் ஊரில் நடந்தது மட்டும் பதிவில் இருக்கிறது: ராயல் ஆர்ச் என்ற மேல்படிக்கு உடன் வந்த நண்பரிடம் ஒரு கினி கட்டணம் வாங்கினார்கள், பர்ன்ஸுக்குக் கவித்திறமையை முன்னிட்டு இலவசம். முடிசூட்டு ஓவியத்தைவிட இந்தக் கட்டண விலக்கு எனக்கு நம்பகமான மரியாதையாகப் படுகிறது.

தலைநகரப் புகழோடு திரும்பியவர் 1787 ஜூலை 25-இல் மாக்லினில் டார்போல்டன் லாட்ஜ் கூட்டத்தை நடத்தினார். எடின்பரோ பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் டூகல்ட் ஸ்டூவர்ட் அன்று கௌரவ உறுப்பினர். இன்னொருவர் கிளாட் அலெக்சாண்டர். வங்காளத்தில் கம்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்த பணத்தில் ஒயிட்ஃபோர்டின் பாலக்மைலை வாங்கியவர். கீழே ராபர்ட் பர்ன்ஸ், துணை மாஸ்டர் என்று கையெழுத்து. இதே அலெக்சாண்டரின் தங்கை வில்ஹெல்மினாவைப் பற்றித்தான் பர்ன்ஸ் முந்தைய ஆண்டு ஒரு பாட்டு எழுதி, அச்சிட அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். அந்த அம்மாள் பதிலே எழுதவில்லை. லாட்ஜுக்குள் அண்ணன் சகோதரர். பாலக்மைல் வீட்டு வாசலில் பர்ன்ஸ் வெறும் குத்தகைக்காரர். பிற்காலத்தில் பர்ன்ஸின் புகழ் முற்றிய பிறகு அந்தக் கடிதத்தை அந்த அம்மாள் பொக்கிஷமாக வைத்துக்கொண்டது வேறு கதை.

ஜீனையே மணந்து, கலால் துறையில் வேலைக்குப் போய், டம்ஃப்ரீஸ் நகரத்து லாட்ஜிலும் பதவி வகித்து, 1796-இல் தமது 37-ஆம் வயதில் பர்ன்ஸ் இறந்தார். ஒரு மகனுக்கு ஜேம்ஸ் கிளென்கேர்ன் என்று புரவலர் பெயர். இன்னொரு மகன் வில்லியம் நிக்கோல் பின்னாளில் கம்பெனியின் மதராஸ் படையில் கர்னல் வரை உயர்ந்தார். டார்போல்டன் செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜ் 135 என்ற எண்ணோடு இன்றும் இயங்குகிறது. பழைய குறிப்பேடு அதனிடம்தான் இருக்கிறது. கேப்டன் மாண்ட்கோமரியின் பெயரை வெளியுலகில் எவராவது உச்சரிக்கிறார்கள் என்றால், அது அவருக்குக் கீழே துணையாக இருந்தவரின் தயவில்.

செயலாளர் வில்சனுக்கு வருவோம். 1790-இல் வாத்தியார் வேலை கசந்து, எடின்பரோவில் எழுத்தர் வேலை தேடலாமா என்று அவர் யோசனை கேட்டு எழுதியது பர்ன்ஸுக்குத்தான். தம்மை ஊர் சிரிக்க வைத்தவரிடமே. பர்ன்ஸும் பொறுப்பாகப் பதில் எழுதி உதவினார். பிறகு வில்சன் கிளாஸ்கோ போய், கார்பல்ஸ் பகுதி மாதா கோவிலில் எழுத்தராகி, வசதியாகவே வாழ்ந்தார். அடுத்த சந்திப்புக்குள் முடித்துவிடுவதாகக் கவிதையில் பந்தயம் கட்டிய மரணம், டாக்டர் ஹார்ன்புக்கிடம் வந்து சேர 1839 ஜனவரி ஆயிற்று.